படித்ததைப் பேச ஒரு ஆள்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 36 வயது. மதுரையில் கணவர், மாமியார், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஆகியோருடன் இருக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் குறையென்று சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே இதையெல்லாம் ஒரு பிரச்சினை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

கல்லூரி நாளிலிருந்து நான் விரும்பிப் படிப்பது அறிவியல் புனைகதையும் மாயாஜாலக் கதைகளும்தான். ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு மணி நேரமாவது படிப்பேன். படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் மனசு பரபரக்கும். சொல்லத்தான் ஆள் இல்லை. கணவர் நல்லவர். "அந்த டிராகன் இன்னும் சாகலையா?" என்று சிரிப்பார், அத்தோடு சரி.

மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டம் ஒன்றுக்குத் துணிந்து போனேன். பிடித்த நாவலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' பற்றிப் பேசினேன். அதில் வரும் பாலைவன மக்கள் இறந்தவர் உடலில் இருக்கும் தண்ணீரைக்கூட வீணாக்காமல் எடுத்துச் சேமிப்பார்கள். அதைப் படித்தபோது, சின்ன வயதில் தெருக்குழாயில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, அம்மாவும் நானும் விடியும்வரை உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் கிரகம், குலங்கள், அரசர்கள் என்று விளக்குவதிலேயே நேரம் போய்விட்டது. ஒரு பெரியவர், "இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்மா, வாழ்க்கையைச் சொல்ற புத்தகமாப் படிங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

வெளியே வரும்போது ஒரு கல்லூரிப் பெண், "அக்கா, அந்தப் புத்தகம் பேரை வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்று நம்பர் கொடுத்தாள். பாவம் பார்த்துக் கேட்கிறாள் என்று தோன்றியது. அனுப்பவில்லை. அந்தப் பக்கமே அப்புறம் போகவில்லை.

நான் நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுகிறேனா? இந்த வயதில் இதற்கெல்லாம் துணை தேடுவது சரிதானா?

— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரி,

வேலைக்குப் போகிறீர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறீர்கள், மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில் படிக்கிறீர்கள். இதில் தப்பி ஓடுவது எங்கே இருக்கிறது? தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்த புத்தகத்தைத் தொடக்கூட மனமில்லாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

துணை தேடுவதிலும் தவறில்லை. இந்த வகைக் கதைகளின் வாசகர்கள் ஒன்றுசேர்ந்த கதையே அதுதான். 1926இல் அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழ், வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டது. ஊருக்கு ஒருவராகத் தனியே படித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த முகவரிகளைப் பார்த்து ஒருவருக்கொருவர் எழுதினார்கள், சங்கம் வைத்தார்கள். 1939இல் நியூயார்க்கில் உலக மாநாடே கூட்டிவிட்டார்கள். (இந்தக் காலத்தில் அப்படி முகவரி போட முடியாது. உங்களுடையதையும் போடவில்லை.)

உங்கள் கடிதத்தில் பெரியவருக்கு ஒரு பத்தி கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப்பட்டது அந்தக் கல்லூரிப் பெண். கூட்டம் முடிந்ததும் ஓடிவந்து நம்பர் கொடுத்தவளைப் பாவம் பார்த்தாள் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். எரிகா பூத்பி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். புதியவர்கள் இருவரைப் பேசவைத்து, பிறகு தனித்தனியே கேட்டார்கள். எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்று கேட்டால், உண்மையைவிடக் குறைவாகவே பெரும்பாலும் சொன்னார்கள். 'அறுத்துவிட்டோமோ' என்ற அந்த எண்ணம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை.

பெரியவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீன், அந்த மோதிரக் கதையை எழுதி எழுதி ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர்கள் வட்டத்தில் வாசித்துக் காட்டுவார். அந்த வட்டத்திலேயே டைசன் என்பவருக்கு அந்தக் கதை ஆகவே ஆகாது. கடைசியில் அவர் இருக்கும்போது வாசிக்க முடியாது என்ற நிலை வந்தது. ஆனால் அதே வட்டத்தில் இருந்த எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் கேட்டுக்கொண்டே இருந்தார், அடுத்தது எங்கே என்று விரட்டினார். அவர் இல்லையென்றால் கதையை முடித்தே இருக்க மாட்டேன் என்று டோல்கீன் பின்னாளில் எழுதியிருக்கிறார். அவருக்கே கைகொடுத்தது ஒரு ஆள்தான். அறையில் இருக்கும் அத்தனை பேரும் தலையாட்ட வேண்டும் என்று நீங்களும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று. கிரகத்தையும் குலங்களையும் விளக்கியபோது கேட்டவர்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. குடத்தைச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். வறண்ட வைகையைப் பார்த்து வளர்ந்த ஊரில் தண்ணீருக்குக் காத்திருந்த கதையை யாரும் சின்னப் பசங்க சமாச்சாரம் என்று சொல்லமாட்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் புத்தகத்தின் பெயரோடு குடம் போட்ட கதையையும் நாலு வரி சேர்த்து அனுப்புங்கள். "லேட் ஆயிருச்சும்மா" என்று ஒரு வார்த்தை போதும், நீண்ட மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

கணவரைப் படிக்கவைக்கும் முயற்சி வேண்டாம். உங்கள் ஒரு மணி நேரத்தைத் தடுக்காமல் இருக்கிறாரே, அதுவே பெரிய விஷயம். மகளுக்குக் கதையாகச் சொல்லிப் பாருங்கள், ஐந்தாம் வகுப்புக்கு அது சரியான வயது.

அப்புறம், பொறுமை வேண்டும். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கணக்குப்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழித்திருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். மாதம் ஒரு கூட்டம், இரண்டு மணி நேரம் என்றால் ஐம்பதைத் தொடவே இரண்டு வருடம் ஆகிவிடும்! அதனால் வாசகர் வட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பெண் சம்மதித்தால், நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் வாரம் ஒருமுறை சந்தியுங்கள். ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்காருங்கள், பேச்சு தானாக வரும். மகளையும் கூட்டிப்போகலாம், குழந்தைகளுக்கென்று அங்கே தனிப் பகுதி இருக்கிறது.

அவள் படிப்பு முடிந்து வெளியூர் போய்விடவும் கூடும். அதனால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தமுக்கம் மைதானத்தில் அடுத்த புத்தகத் திருவிழா வரும்போது, அறிவியல் புனைகதை அடுக்கின் முன்னால் விலையைப் பார்ப்பதும் வைப்பதும் மறுபடி எடுப்பதுமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தால், நீங்களே முதலில் பேச்சுக் கொடுங்கள்.