சர்க்கரையும் எலும்பு முறிவும்: செட்டிநாட்டு வாசகர்களுக்கு மருத்துவர் பதில்கள்

காரைக்குடி வாசகர்: அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிடச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி கூடுதல், எலும்பு முறிவோ குறைவு என்கிறான் என் மகன். அப்படியானால் இரண்டுக்கும் தொடர்பே இல்லையா?

பதில்: உங்கள் மகன் சொன்ன இரண்டும் உண்மை, நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. ரத்தச் சர்க்கரை ஒரே அளவில் இருக்கும்போதும் கறுப்பினத்தவரிடம் அந்தச் சராசரியை அளக்கும் ஹெச்பிஏ1சி சோதனை சற்றுக் கூடுதலாகக் காட்டுவதால், அந்த வேறுபாடு முழுவதையும் கட்டுப்பாட்டுக் குறைவு என்று கொள்ள முடியாது. மருத்துவ வசதி எட்டாமையும் அதில் கலந்திருக்கிறது. அவர்களுடைய எலும்பின் அடர்த்தி சராசரியாகவே அதிகம் என்பதால் முறிவு குறைகிறது. ஆகவே ஓர் இனத்தை இன்னொன்றோடு வைத்துப் பார்ப்பதைவிட, அதே இனத்தில் சர்க்கரை இல்லாதவரோடு ஒப்பிட்டால்தான் நோய் செய்யும் கேடு தெரியும்.

நம்மவருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். இரும்புச்சத்துக் குறைவால் சோகை பிடித்த ஆச்சிமாருக்குச் சராசரி பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும். மாத்திரையைக் கூட்டுமுன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

தேவகோட்டை வாசகி: ஆயாவுக்கு 78 வயது. ஸ்கேனில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் இரண்டாம் கட்டு நிலைப்படியில் தடுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. எப்படி?

பதில்: ஸ்கேன் அளப்பது அடர்த்தியை, இரண்டாம் வகைச் சர்க்கரை கெடுப்பது தரத்தை. எலும்பின் கொலாஜன் புரதத்தில் சர்க்கரை படிந்து அது விறைத்துப்போவதால், கனமாகத் தெரியும் எலும்பும் எளிதில் முறிகிறது. முறிவு வாய்ப்பைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் கணக்கில் இந்த நோய்க்குத் தனிக் கட்டமே இல்லை; அதனால் அதிலுள்ள முடக்குவாதக் கட்டத்தில் குறியிட்டு ஈடுகட்டும் மருத்துவர்கள் உண்டு (ஒப்பேற்றுதான், வேறென்ன!). கால் மரத்தல், மங்கிய பார்வை, ஈரமான ஆத்தங்குடிக் கல் மூன்றும் சேர்ந்தால் விழுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

பள்ளத்தூர் வாசகர்: அப்பச்சிக்கு வயது 80. சராசரியை 6க்குக் கொண்டுவந்தால் எலும்பு தப்புமா?

பதில்: வேண்டாம். அக்கார்ட் என்ற சர்க்கரை நோய் ஆய்வில் கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு முறிவு குறையவில்லை. பல நோய்கள் உள்ள முதியவருக்கு 8க்குக் கீழே இருந்தாலே போதும் என்பது ஏற்கப்பட்ட அளவு. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து, கிணற்றடிக்குப் போகும் வழியில் அவர் விழுவதுதான் என் அச்சம்.

அதே வாசகர்: ஆத்தாவுக்குப் பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை தருகிறார்களே?

பதில்: அது பெண்களுக்கு முறிவைக் கூட்டும் மருந்து, மாற்று உண்டா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.