மௌன ராகம் அலுப்பாக இருக்கிறதா? எங்கே கவனிப்பது என்று சொல்கிறேன்

"எல்லாரும் கொண்டாடும் மௌன ராகத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இப்படி மனதுக்குள்ளேயே நடக்கும் காதல் படங்களை எப்படித்தான் ரசிக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கார்த்திக்குக்காகத்தான் படத்தைப் போட்டிருப்பீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சுற்றுவதெல்லாம் அவர் வரும் துண்டுகள்தானே. ஆனால் அவர் நடித்த மனோகர் ஒரு நினைவுக்குள் வந்துபோகிறவன். கல்யாணப் பதிவுக்குக் கிளம்பிய நாளில் போலீஸ் துப்பாக்கி வெடித்துச் சாகிறான். அவன் போனபிறகு வேறொருவன் வீட்டில் மனைவி என்ற பெயரோடு இருக்கவேண்டிய திவ்யாவின் (ரேவதி) கதை இது. மனோகருக்காகக் காத்திருந்தால், அவன் பகுதி முடிந்ததும் படமே முடிந்துவிட்ட மாதிரித்தான் தோன்றும்.

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள். 'விவிட்' அமைப்பில் இருந்தால் 'சினிமா' அல்லது 'மூவி'க்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். 1986இல் பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த படம் இது. பின்னால் இருந்து வெளிச்சம், முகத்தில் பாதி நிழல் என்று அவர் வைத்திருப்பதை 'விவிட்' வெளுக்க வைத்துவிடும். ரேவதி பேசாமல் நிற்கும் இடங்களில் அந்த நிழல்தான் பேசுகிறது. திரை நிறையவேண்டும் என்று படத்தை இழுக்கவும் வேண்டாம். காதில் ஹெட்போன் மாட்டுங்கள். இளையராஜா எங்கே இசையை நிறுத்துகிறார் என்பது டிவி ஸ்பீக்கரில், அதுவும் மின்விசிறி ஓடும் வீட்டில், சரியாகக் கேட்காது. இங்கே கோலாலம்பூர் திரையரங்குகளில் தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் இடைவேளை விடுவதில்லை. ஆனால் இந்த மாதிரிப் படங்கள் இடைவேளையை நம்பி எழுதப்பட்டவை. அந்த அட்டை வந்ததும் நிறுத்திவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, "பிடிக்கவில்லை என்றால் போய்விட வேண்டியதுதானே, ஏன் இழுக்கிறார்கள்" என்ற எரிச்சல். உங்களுக்கும் வந்திருக்கும். என்ன பரிசு வேண்டும் என்று கணவன் சந்திரகுமார் (மோகன்) கேட்க, விவாகரத்து என்கிறாள் திவ்யா. வழக்கறிஞரிடம் போனால் ஓராண்டு பொறுக்கச் சொல்கிறார். இந்தியாவின் 1955 இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள காத்திருப்பு அது. 1976 திருத்தத்துக்கு முன்பு மூன்றாண்டாக இருந்தது. நம் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976 சட்டத்தில் பொதுவாக இரண்டாண்டு ஆகவேண்டும். பிரியப்போகிறோம் என்று தெரிந்த இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழ் நாளைத் தள்ளவேண்டும். அந்தத் தவணையை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், சமையலறையில் ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம்கூடக் கனமாகிவிடும்.

பொருள்களையும் விடாதீர்கள். கொலுசும் விவாகரத்துப் பத்திரமும் ஒரே நேரத்தில் அவள் முன்னால் வருகின்றன. அவள் பத்திரத்தை எடுக்கிறாள். அந்தக் கொலுசு பிறகு எப்போது அவள் காலுக்கு வருகிறது, அப்போது அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பாருங்கள். "மனம் மாறிவிட்டது" என்று யாரும் வசனம் பேசத் தேவை இருக்காது. பாட்டுகளைத் தள்ளிவிடுகிறவர்கள் பாதிப் படத்தைத் தொலைக்கிறார்கள். 'ஓஹோ மேகம் வந்ததோ', 'சின்னச் சின்ன வண்ணக்குயில்' இரண்டுமே எஸ்.ஜானகி பாடியவை. முதலாவது கல்யாணத்துக்கு முன், மழையில், தோழிகளோடு. மற்றது கல்யாணமாகிப் போன டெல்லியில், தனக்குள்ளேயே. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் அந்தப் பெண் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று புரியும்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ் வீட்டில் பிறந்த பிள்ளைகளே மலாய் சப்டைட்டிலை நம்பித் தமிழ்ப் படம் பார்க்கிறார்கள். 'நீ'யும் 'நீங்க'வும் அங்கே பெரும்பாலும் ஒரே 'அவாக்' ஆகிவிடுகிறது. 'வா'வுக்கும் 'வாங்க'வுக்கும் நடுவில்தான் நம் வீடுகளில் கோபமும் பாசமும் இருக்கின்றன. வீட்டில் தமிழ் பேசாமல் வளர்த்துவிட்டு, பிள்ளைக்குத் தமிழ்ப் படம் பிடிக்கவில்லை என்று பெற்றோர் வருத்தப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்களுக்குத் தமிழ் புரியும் என்றால் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள்.

பழைய படத்தைத் தூக்கிப்பிடிக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். புதுப் படத்துக்கும் இதே வழிதான். "விருப்பமில்லாத பெண்ணைப் படிய வைக்கும் கதை" என்ற விமர்சனம் உண்டு, அதில் ஒரு பகுதி உண்மை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததால்தான் அவள் தலையாட்டுகிறாள். அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் சந்திரகுமார் அவளை வற்புறுத்துவதில்லை. தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னபிறகு விலகியே நிற்கிறான். அவன் தாக்கப்பட்டுக் காயத்தோடு கிடந்தபோது பார்த்துக்கொண்டவள் அவள் என்றாலும், அவள் நெருங்கும்போது நெருங்காதவன் அவன்தான்.

அதனால் இரண்டாவது முறை பார்க்கும்போது ரேவதியை விட்டுவிட்டு மோகனை மட்டும் பின்தொடருங்கள். அவர் எந்தக் காட்சியில் கதவருகில் நிற்கிறார், எதில் உட்கார்கிறார், எப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார் என்று மட்டும் பாருங்கள். நான்கைந்து காட்சிகளுக்குச் சத்தத்தையும் அணைத்துவிட்டுப் பார்க்கலாம். கடைசியில் ரயில் நிலையத்தில் அந்தப் பத்திரம் கிழியும்போது, அது யாருக்கு அதிகம் வலித்தது என்பதில் உங்கள் பதில் முதல் முறையிலிருந்து மாறியிருந்தால் வந்து எழுதுங்கள்.