நேபாள ஆறுகளில் ராஃப்டிங்: கேளுங்கள், சொல்கிறேன்

பல வருஷமாக நேபாளத்து ஆறுகளில் ராஃப்ட், அதாவது காற்றடைத்த ரப்பர் படகு, தள்ளிக்கொண்டிருப்பவன் நான். ஆறு, படகு, கைடு பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம். ஹோட்டலும் விமான டிக்கெட்டும் எனக்குத் தெரியாத சங்கதி.

கே: நான், மனைவி, கல்லூரிப் பையன். மூவருக்கும் முதல் தடவை. எந்த ஆறு?

திரிசூலி. காத்மாண்டுவிலிருந்து பொக்காரா போகும் சாலையை ஒட்டியே ஓடுகிறது, ஒரே பகலில் முடித்துவிடலாம். அக்டோபர், நவம்பரில் கிரேடு 2, 3 அளவுதான் இருக்கும் (கிரேடு என்பது ஆற்றின் கடுமையைச் சொல்லும் எண், ஏற ஏறக் கடுமை). ஜூலையில் அதே ஆற்றைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. இன்னும் சாதுவாக வேண்டுமென்றால் சேத்தி இருக்கிறது: தமௌலியில் இறங்கி இரண்டு நாள், தண்ணீரும் அவ்வளவு குளிராது. மூவருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆற்றில் விழுந்தால் காலை ஊன்றாதீர்கள்.

கே: எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

திரிசூலிக்கும் சேத்திக்கும் தாராளமாக. மிதக்கவைப்பது லைஃப் ஜாக்கெட்டின் வேலை. தோள்பட்டையைப் பிடித்து யாராவது மேலே தூக்கினால் அது காதுவரை ஏறக் கூடாது. ஏறினால் வார்களை இறுக்கச் சொல்லுங்கள். விழுந்தால் மல்லாந்து படுங்கள். பாதங்கள் நீர் போகும் திசையில், கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியவேண்டும். பாறை வந்தால் பாதத்தால் உதைத்து விலகலாம். கயிறு அடைத்த பையை வீசினால் பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள், நெஞ்சோடு சேர்த்து, மல்லாந்தபடியே. கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

கே: போட்டே கோசி கிரேடு 5 என்கிறார்கள். முதல் தடவையே அதில் இறங்கினால் என்ன?

கைடு கத்துவது காதில் விழுந்து கை அசைவதற்குள் அடுத்த பாறை வந்துவிடும். முதலில் வேறு ஆற்றில் இரண்டு நாள் துடுப்புப் போடுங்கள். இன்னொன்று: ‘போட்டே கோசி’ என்றால் திபெத்திலிருந்து வரும் ஆறு என்று அர்த்தம், அதனால் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேல் ஆறுகள் உண்டு. 2025 ஜூலையில் நேபாள-சீன எல்லைப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது ரசுவா பக்கத்தில், திரிசூலிக்கு நீர் தரும் ஆற்றில். நீங்கள் கேட்கும் ராஃப்டிங் நடப்பது இன்னொரு போட்டே கோசியில், சிந்துபால்சோக்கில், சுன் கோசியில் போய்ச் சேரும் ஆற்றில்.

கே: நீச்சல் தெரியாதவர்கள் வரலாமா?

மேலே பாருங்கள்.

கே: காளி கண்டகியில் ராஃப்டிங் போனால் சாளக்கிராமம் கிடைக்குமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

நம்மவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. சாளக்கிராமம் என்பது அம்மோனைட் என்ற பழங்காலக் கடல்வாழ் உயிரியின் புதைபடிவம். இமயம் எழும்புவதற்கு முன் அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. மக்கள் அதைத் தேடுவது மேலே முஸ்தாங்கில், காக்பேனிப் பக்கத்து ஆற்றுப்படுகையில். ராஃப்ட் இறங்குவது பேனிக்கும் கீழே. தௌலகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்கைத் தாண்டிய பிறகு. அம்மாவை முக்திநாத்துக்குத் தனியாகக் கூட்டிப்போங்கள், படகுக்கு நீங்கள் வாருங்கள். மூன்று நாள் பயணம், மிர்மியில் முடியும். அங்கே ஆறு அணைக்கட்டின் தேக்கம். 144 மெகாவாட் நீர்மின் நிலையம், 2002-லிருந்து ஓடுகிறது. கடைசி நாள் தேங்கிய நீரில் துடுப்புப் போடும்போது மனசு கொஞ்சம் கனக்கும்.

கே: காலை ஊன்றாதே என்கிறீர்கள். நான் ஆற்றங்கரையில் வளர்ந்தவன். இழுத்தால் காலை ஊன்றி நிற்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

மணல் படுகையில் அது சரி, ஐயா. இமயத்து ஆற்றின் அடியில் கிடப்பது உருண்டைக் கற்கள். இரண்டு கல்லுக்கு நடுவே பாதம் மாட்டினால், பின்னாலிருந்து வரும் நீர் உடம்பை முன்னால் சாய்த்து முகத்தை முக்கிவிடும். இடுப்பளவு தண்ணீரே போதும், லைஃப் ஜாக்கெட்டும் காப்பாற்றாது.

கே: (அதே நண்பர்) பலமான ஆள் நின்றுவிடுவான்.

தண்ணீர் ஒரு கனமீட்டர் ஒரு டன். வேகம் இரட்டித்தால் உடம்பில் விழும் விசை நான்கு மடங்கு. பலத்தை வைத்து என்ன செய்வீர்கள்?

கே: (இன்னொருவர்) அவர் சொல்வதும் நியாயம்தானே. பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமே?

பிடிக்கலாம், படகுக்கும் பாறைக்கும் நடுவே நீங்கள் சிக்காதவரை. படகுக்கு முன்னால், நீர் போகும் பக்கத்தில், நீந்தக் கூடாது என்று இதற்காகத்தான் சொல்கிறோம். பாறை என்றதும் நினைவுக்கு வருகிறது: ராஃப்ட் பக்கவாட்டில் பாறையில் மோதும்போது எல்லோரும் பயந்து எதிர்ப்பக்கம் சாய்வார்கள். உடனே நீர் வரும் பக்கத்துக் காற்றுக் குழாய் நீருக்குள் அமுங்கி, படகு கவிழும். கைடு ‘ஹைசைடு’ என்று கத்தினால் பாறையை நோக்கிப் பாயுங்கள். பாறையைக் கட்டிக்கொள்வதுபோல. சரி, ஆற்றங்கரை நண்பரே, முட்டிக்குக் கீழே தண்ணீர் குறைந்த இடத்தில் எழுந்து நில்லுங்கள். அதுவரை மல்லாந்தே வாருங்கள். இதோடு இந்தப் பேச்சை நிறுத்துவோம்.

கே: யார் மலிவாகக் கூட்டிப்போகிறார்கள்?

விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்கவேண்டியது: கூடவே பாதுகாப்புக் கயாக் (விழுந்தவரை மீட்க வரும் ஒற்றையாள் சிறு படகு) வருமா? கைடு அந்த ஆற்றில், அந்த நீர்மட்டத்தில் போயிருக்கிறாரா? ஹெல்மெட் எல்லோருக்கும் உண்டா? ‘நம்ம ஆறுதானே’ என்று சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: சுன் கோசி எப்படி?

நேரம் இருந்தால் அதுதான். தோலால்காட்டிலிருந்து சத்ராவரை சுமார் 270 கிலோமீட்டர், எட்டிலிருந்து பத்து நாள். தாமா கோசி, லிக்கு, தூத் கோசி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஆறு பெருத்துக்கொண்டே போகும். உங்கள் கையும் அதோடு பழகும். ராத்திரி மணல்திட்டில் படுக்கை. கடைசியில் மலை விலகித் தராய் சமவெளி வரும்.

கே: இரவு பஸ்ஸில் போய்க் காலையில் படகேறலாமா?

வேண்டாம். 2024 ஜூலை 12 அதிகாலையில் சிமல்தாலில் நிலச்சரிவு இரண்டு பஸ்களைத் திரிசூலியில் தள்ளியது. ஆற்றைவிடச் சாலைக்குத்தான் நான் பயப்படுவேன். பகலில் போங்கள், மழைக்காலத்தில் போகவே போகாதீர்கள்.

கே: நீச்சல் தெரியாது…

வரலாம், வரலாம்.

கே: ஆதார் போதுமா?

விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை.

கே: என்ன உடுத்துவது? ரப்பர் செருப்பு போதுமா?

பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் காயும் துணி போதும். ரப்பர் செருப்பை முதல் பாய்ச்சலிலேயே ஆறு கழற்றிக்கொள்ளும். குதிகாலில் வார் உள்ள சாண்டல் வாங்குங்கள். அது காலில் இருக்கிற தைரியத்தில் ஊன்றிவிடாதீர்கள்.