ஊசி பிடிக்க எத்தனை மணி நேரம்?

கேள்வி: மருத்துவப் பட்டம் இல்லாதவர் அக்குபங்சர் என்னும் ஊசி சிகிச்சை செய்ய, வார இறுதி வகுப்புச் சான்றிதழ் போதுமா?

பதில்: போதவே போதாது. உலக சுகாதார அமைப்பின் 1999 வழிகாட்டுதல் அவர்களுக்கு 2,500 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. முழுப் பயிற்சி பெற விரும்பும் மருத்துவருக்கே 1,500. ஊசி குத்தும் புள்ளிகளின் பெயர்களைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்துவிடலாம். கைப்பழக்கம் அப்படி வராது. தோள்மேட்டில் உள்ள ஜியான்ஜிங் புள்ளிக்குக் கீழே நுரையீரலின் நுனி இருக்கிறது. மெலிந்த உடம்பில் ஊசி நேராக ஆழம் போனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடலாம். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியலாம். அதனால் ஊசியின் கோணத்தையும் ஆழத்தையும் தேர்வாளர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், எழுத்துத் தேர்வு மட்டும் பயன்படாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் ஊசிதான்; குத்தியதையும் எடுத்ததையும் எண்ணிக் குறித்துவைக்கும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும்.