லெவல் 3 ஆட்களும் பச்சை டிராகனும்: அந்த பிடிஎஃப்பை வாங்காதீர்கள்

கேள்வி: பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 ஸ்டார்ட்டர் செட்டை (புதியவர்களுக்கான பெட்டி) என் சித்தப்பா பிள்ளைகள் நான்கு பேருக்கு டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையையும் எதிரிகளையும் கையாள்பவராக இருந்து நடத்துகிறேன். எல்லோருடைய பாத்திரங்களும் லெவல் 3, இன்னும் ஆரம்ப நிலைதான். பாழடைந்த ஊரின் கோபுரத்தில் பச்சை டிராகனிடம் மாட்டினார்கள். முதல் சுற்றிலேயே அது நச்சு மூச்சை ஊத, மூன்று பேர் விழுந்துவிட்டார்கள். இனி விளையாட்டே வேண்டாம் என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘பேலன்ஸ் செய்த டிராகன்கள்’ (ஆட்களின் பலத்துக்கு ஏற்ப மாற்றியவை) என்று 900 ரூபாய்க்கு பிடிஎஃப் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கேட்கிறார்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. எல்லா நிற டிராகன்களின் உயிர், தாக்குதல் எண்களும், குஞ்சு முதல் முதியது வரை, அதில் இருக்கின்றன. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். எங்கிருந்து எடுத்தது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் பார்த்த ‘பேலன்ஸ்’ தொகுப்புகள் பலவற்றில் அதே எண்கள்தான் இருந்தன; எழுத்துரு மட்டும் வேறு. மூலத்தின் பெயரையும் காணோம். இன்னொன்று: உங்கள் பெட்டி 2014 விதி. எஸ்ஆர்டி 5.2 என்று போட்டிருப்பது புதிய விதி. இரண்டையும் ஒரே கோப்பில் கலந்து விற்பவர்களும் உண்டு. புதிதாக ஆட வருகிறவர்கள் இதில்தான் குழம்பிப்போகிறார்கள்.

சரி, டிராகனுக்கு வருவோம். தப்பு உங்கள் மேல் இல்லை. பெட்டியில் வருவது இளம் பச்சை டிராகன்; அதன் சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் கடினத்தைக் காட்டும் எண்) 8. அதாவது லெவல் 8-இல் இருக்கும் நான்கு பேர், நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வந்தால், சாவு இல்லாமல் ஜெயிக்கலாம் என்று விதிப்புத்தகமே சொல்கிறது. அதையே முதல்முறை ஆடுகிறவர்களின் பெட்டியில், லெவல் 3 ஆட்கள் நடந்துபோகிற வழியில் வைத்தால் என்ன நியாயம்? இந்த ரேட்டிங் எண்ணை நம்பித்தான் டன்ஜன் மாஸ்டர் ஆட்டத்தைத் திட்டமிட வேண்டும் என்பார்கள். ஆனால் அந்த ஒற்றை எண்ணில் மூச்சின் கொடுமை தெரியவே தெரியாது.

மூச்சுக்கு 12 ஆறுமுகப் பகடைகள், சராசரி 42 டேமேஜ் (சேதம்). 30 அடி நீளக் கூம்பு, கடைசியில் 30 அடி அகலம். கோபுரத்துக்குள் விலகி நிற்க இடமேது? நால்வரும் அதற்குள்தான் இருந்திருப்பார்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள். விழுந்தவர் எல்லோரும் செத்தவர் இல்லை. ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) பூஜ்யம் ஆன பிறகும் மிஞ்சுகிற டேமேஜ், அவருடைய முழு ஹிட் பாயின்ட் அளவைத் தொட்டால்தான் உடனடி மரணம். கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14 உள்ள லெவல் 3 ஃபைட்டருக்கு (போர்வீரர்) 28 ஹிட் பாயின்ட் என்று வையுங்கள். 42 வாங்கினால் மிச்சம் 14, மயக்கம்தான். அதே கான்ஸ்டிட்யூஷனோடு விஸார்டுக்கு (மந்திரவாதி) 20. அவருக்கு மிச்சம் 22, அங்கேயே மரணம். ஆனால் விஸார்ட் சேவிங் த்ரோவில் (தாக்குதலைச் சமாளிக்க உருட்டும் பகடை) தேறியிருந்தால் டேமேஜ் பாதி, 21. மிச்சம் 1, மயக்கம். இந்தக் கணக்கைப் போடாமல் மூன்று பேரையும் கொன்றிருந்தால், தயங்காமல் அதைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

மறுபடி மோதும்போது இளம் டிராகனின் உடலையும் குஞ்சின் மூச்சையும் சேருங்கள். 136 ஹிட் பாயின்ட் அப்படியே இருக்கட்டும். மூச்சுக்கு மட்டும் பச்சைக் குஞ்சினுடைய 6 பகடைகள், சராசரி 21, 15 அடிக் கூம்பு. கடியும் இரண்டு நகக் கீறலும் சேர்ந்தால் ஒரு முறைக்குச் சராசரி 44 வரும். கடியை விட்டுவிடுங்கள், கீறல் இரண்டும் போதும். மூச்சு தீர்ந்த பிறகு, டிராகனின் முறை ஒவ்வொன்றும் தொடங்கும்போது ஆறுமுகப் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால்தான் திரும்ப வரும். அது திரும்பியதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “தொண்டை வீங்குகிறது, பல்லிடுக்கில் பச்சைப் புகை கசிகிறது.” பிள்ளைகள் தாங்களாகவே சிதறி ஓடுவார்கள். ஹிட் பாயின்ட் பாதியாகி 68-ஐத் தொட்டால் டிராகன் கோபுர உச்சிக்கு ஏறிப் பறந்துவிடும். இது பெட்டியில் உள்ள கதையிலேயே இருக்கிறது, நிறையப் பேர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

மேசையில் வைக்கச் சிறிய பொம்மை டிராகன் வேண்டுமென்றால், பிடிஎஃப் விற்கும் அதே ஆள் அடுத்து ரெசின் (வார்த்தெடுக்கும் பிளாஸ்டிக்) நகல் காட்டுவார். சிறகு நுனியில் காற்றுக்குமிழி, வெயிலில் வளைவு. அதுவும் வேண்டாம். ஒரு தீப்பெட்டியை மேசையில் வைத்து ஆடலாம்.

அடுத்த அமர்வை இப்படி ஆரம்பியுங்கள்: மயங்கியவர்கள் கோபுரத் தரையில் கண் விழிக்கிறார்கள், கைகள் கட்டியிருக்கின்றன. பச்சை டிராகன் பேச்சில் கெட்டிக்காரி, பொய்யும் கூசாமல் சொல்லும். உயிரைத் திருப்பித் தர ஒரு விலை கேட்கட்டும். தப்பித்த நான்காவது பிள்ளை, கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். என்ன செய்வது என்று முடிவெடுக்கிற முதல் வாய்ப்பை அவனுக்குக் கொடுங்கள்.