பதில்: சாலையால் வேலை கூடியது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

மத்தியப் பிரதேசத்தில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் சாலை பெற்ற ஊர்களையும் பெறாதவற்றையும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒப்பிட்டு, வேலையில் தெரியும் வித்தியாசம் சாலையால்தான் என்று எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். பெரிய ஊர்களுக்கே முதலில் சாலை போட்டார்கள். அங்கே கடையும் சந்தையும் முன்பே இருந்திருக்கும்.

அந்த முன்னுரிமை விதியையே பயன்படுத்துங்கள். சமவெளியில் முதலில் 1000 பேருக்கு மேல், அடுத்து 500 பேருக்கு மேல். மலை, பழங்குடிப் பகுதிகளில் 250. 470 பேர் உள்ள ஊரும் 530 பேர் உள்ள ஊரும் மற்றபடி ஒன்றுபோலவே இருக்கும். அந்த எல்லையின் இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். எல்லையைத் தாண்டிய எல்லா ஊருக்கும் சாலை கிடைத்துவிடவில்லை. ஆகவே எல்லையைக் கருவி மாறியாக (சாலை கிடைக்கும் வாய்ப்பை மாற்றும், வேலையை வேறு வழியில் பாதிக்காத காரணியாக) வையுங்கள். எல்லை வேறு என்பதால் பழங்குடி வட்டாரங்களைத் தனியே பிரித்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது தரவில்தான். திட்டத்தின் அலகு குடியிருப்பு, அதாவது வீடுகள் சேர்ந்திருக்கும் ஓரிடம்; கணக்கெடுப்பின் அலகு வருவாய்க் கிராமம், அதாவது நிலப் பதிவேட்டில் உள்ள கிராமம். ஒரே கிராமத்தில் மூன்று குடியிருப்புகள் இருந்தால் மக்கள்தொகை எண்களே பொருந்தாது. குடியிருப்புகளை அவற்றின் கிராமத்தோடு முதலில் இணைத்துவிடுங்கள். இன்னொன்று: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆளை அவர் வசிக்கும் ஊரில் எண்ணுகிறது, பொருளாதாரக் கணக்கெடுப்பு (2005, 2013) வேலையை நிறுவனம் இருக்கும் ஊரில் எண்ணுகிறது. பக்கத்து நகருக்குக் கொத்து வேலைக்குப் போகிறவர் முதலாவதில் மட்டுமே தெரிவார்.

பொருளாதார ஆய்வாளர்கள் ஆஷர், நோவோசாட் இருவரும் 2020இல் வெளியான ஆய்வில் இதே முறையில் கண்டதும் அதுதான்: ஆட்கள் விவசாயத்தைவிட்டு வெளியேறினார்கள், ஊருக்குள் நிறுவன வேலை சிறிதே கூடியது, வருமானத்தில் பெரிய மாற்றமில்லை. உங்கள் முடிவிலும் ஊர்க்காரருக்குக் கிடைத்த வேலையையும் ஊருக்குள் உருவான வேலையையும் தனித்தனி அட்டவணையில் காட்டுங்கள்.