எஸ்டோனியா: கோட்டைத் தெருவும் சேற்றுக் குளியலும் – வாசகர் கேள்வி பதில்

வட ஐரோப்பாவில் பால்டிக் கடலோரம் இருக்கும் எஸ்டோனியாவின் பழைய நகரங்களையும் கடலோரக் குளியல் ஊர்களையும் முதுகுப்பையோடு சுற்றிவருவது பற்றி டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை வந்துவிடும். மே கடைசியில் போய்வரலாமா, சம்பா நடவு முடித்து அக்டோபர் கடைசியில் போகலாமா?
– விவசாயி, மன்னார்குடி

மே கடைசிதான். அப்போது தலைநகர் தாலினில் பகல் ஏறக்குறைய 18 மணி நேரம். இரவு பத்துக்கு மேல்தான் சூரியன் மறையும். தூங்கக் கண்பட்டி வேண்டும். பகலிலேயே 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், கடல்காற்று சேர்ந்தால் நம் மார்கழி விடியல் எவ்வளவோ மேல் என்று தோன்றும். கடலில் இறங்கிக் குளிக்கும் ஆசை இருந்தால் ஜூலை வரை பொறுக்க வேண்டும்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு மாலை நாலரைக்கே இருட்டு. சவுனாவும் (சூடேற்றிய மர அறையில் வியர்க்க உட்காரும் குளியல்) வெந்நீர்க் குளமும் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது சரி; தெருத்தெருவாக நடக்க வந்தவர்களுக்குச் சரிப்படாது.

பத்து நாள் இருக்கிறது. தாலின், தார்த்து, ஹாப்சலு, பார்னு, சாரேமா தீவு எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?
– திருவாரூர்

பார்க்கலாம், பஸ் ஜன்னல் வழியாக. தார்த்துவை விட்டுவிடுங்கள். 1632-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள நல்ல ஊர்தான், ஆனால் மற்ற ஊர்களெல்லாம் மேற்கே கடலோரம் இருக்க, இது 185 கிலோமீட்டர் தள்ளித் தென்கிழக்கில் கிடக்கிறது.

முதல் நான்கு இரவு தாலின். யுனெஸ்கோ பட்டியலில் 1997-ல் சேர்ந்த பழைய நகரம் இது. மதில் இன்னும் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நிற்கிறது. கீழூரிலிருந்து தோம்பியா மேட்டுக்கு இரண்டு வழி: வண்டி போன சரிவுப் பாதைக்கு 'நீண்ட கால்', படிக்கட்டுச் சந்துக்கு 'குட்டைக் கால்' என்று பெயர். காலை எட்டுக்கு முன்னால் மேலே ஏறிவிடுங்கள். பத்து மணிக்குமேல் சொகுசுக் கப்பல் பயணிகள் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் வந்து நிறைந்துவிடுவார்கள். நகர்மன்றச் சதுக்கத்தில் 1422-க்கு முன்பிருந்தே நடக்கும் மருந்துக்கடையைப் பாருங்கள். அதே சதுக்கத்தில் சாப்பிட உட்காராதீர்கள். இரண்டு தெரு தள்ளிப் போனாலே விலை இறங்கும்.

நான்கில் ஒரு நாளை ஹாப்சலுவுக்கு ஒதுக்கிப் போய்வாருங்கள், 100 கிலோமீட்டர். அங்கே 216 மீட்டர் நீளக் கூரை போட்ட ரயில் நடைமேடை இருக்கிறது, ரயில்தான் வராது. அதனால் பஸ்தான் வழி.

அடுத்து சாரேமா தீவின் குரெஸ்ஸாரே, மூன்று இரவு. தாலினிலிருந்து பஸ் நான்கு மணி நேரம். விர்ட்சு துறையில் பஸ்ஸே படகில் ஏறி அரை மணியில் முஹு தீவில் இறங்கும், அங்கிருந்து சாரேமாவுக்குக் கடலின் குறுக்கே கரை போட்ட சாலை. கடைசி மூன்று நாள் பார்னு. அங்கிருந்து தாலினுக்கு இரண்டு மணி நேரம். குரெஸ்ஸாரே–பார்னு பஸ் ஒரு நாளுக்குச் சிலதான், அந்தச் சீட்டை முதலில் எடுத்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். வெள்ளி மாலையும் ஜூன் 23, 24-ம் தீவுப் பயணத்துக்கு ஆகாது. ஊரே மிட்சம்மர் என்ற நடுக்கோடைத் திருவிழா கொண்டாடக் கிளம்பும், சீட்டு கிடைக்காது.

டிராலி பெட்டி போதாதா? முதுகில் சுமக்க வேண்டுமா?
– கும்பகோணம்

வேண்டும். பழைய நகரம் முழுக்க உருளைக்கல் பாவிய தெரு. சின்னச் சக்கரம் கல் இடுக்கில் மாட்டி அச்சு முறியும். மலிவான விடுதிகள் பல பழைய கட்டடங்களின் மாடியில் இருக்கின்றன, லிஃப்ட் இருக்காது. 40 லிட்டர் பை, எடை எட்டு கிலோவுக்குள், இடுப்புப்பட்டை கட்டாயம். பாரம் இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில். நம் மூன்றுமுனை பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் ஒன்று போடுங்கள்.

சவுனாவுக்குள் எப்படிப் போவது, என்ன உடுத்துவது? பெண்களுக்குக் கூச்சமாக இருக்காதா?
– இல்லத்தரசி, மயிலாடுதுறை

இடத்தைப் பொறுத்தது. ஸ்பா ஹோட்டல்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வரும் பகுதியில் நீச்சலுடை. பழைய பொதுச் சவுனாக்களில் ஆண், பெண் தனித்தனி. அங்கே உடையில்லாமல் உட்காருவதுதான் வழக்கம், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். கூச்சமாக இருந்தால் முதல் வகைக்குப் போங்கள். பருத்திச் சுடிதார், லுங்கி, அரைக்கால் டிரவுசர் எதையும் குளத்தில் விட மாட்டார்கள். உடம்பை மூடும் நீச்சலுடை உண்டு, ஏற்பார்களா என்று முன்பதிவிலேயே கேளுங்கள்.

குளத்தில் இறங்கும் முன் பெண்கள் பகுதிக் குளியலறையில் நீச்சலுடையைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். தலையில் எண்ணெய் இருந்தால் அலசிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

உள்ளே 80, 90 டிகிரி. வெப்பம் மேலே ஏறும் என்பதால் முதல் தடவை கீழ்ப்படியில், துண்டு விரித்து உட்காருங்கள். எட்டு நிமிடம் போதும். வெளியே வந்து குளிர்ந்த நீர், பத்து நிமிட ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவிக்கு 'லெயில்' என்று பெயர். பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் ஊற்றக் கூடாது. தங்கச் சங்கிலியும் வளையலும் சூடேறிச் சுடும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றி, துண்டுக்குள் மூடி வைத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சேற்றுக் குளியலில் மூட்டுவலி போகுமா?
– தஞ்சாவூர்

ஒரு தடவையில் போகாது. ஹாப்சலு மக்கள் கடல்சேற்றை வலிக்குப் பூசுவதைக் கவனித்த டாக்டர் ஹுன்னியஸ் 1825-ல் அங்கே சேற்றுக் குளியல் நிலையம் தொடங்கினார். இன்றும் தொடர் சிகிச்சையாகத்தான் தருகிறார்கள். 40 டிகிரியை ஒட்டிச் சூடாக்கிய கருஞ்சேற்றைப் பூசிப் போர்த்தி, கால் மணி நேரம் படுக்க வைப்பார்கள். கந்தக வாடை வரும். நாற்றங்காலில் இறங்கிப் பழகியவர்களுக்கு முகம் சுளிக்காது. வீங்கிச் சிவந்திருக்கும் மூட்டுக்கு இது கூடாது. ஸ்பா ஹோட்டல் அறை வாடகையில் பெரும்பாலும் சவுனா அடங்கியிருக்கும். சேறு பெரும்பாலும் தனிக் கட்டணம், தனி முன்பதிவு.

சுத்த சைவம். என்ன கொண்டுபோகலாம்?
– திருவையாறு

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் போகட்டும். பாலில் செய்த பொருள்களை இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. நெய்யும் தயிரில் ஊறிய மோர்மிளகாயும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவர நலச் சான்று இல்லாமல் போகாது. வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தச் சான்று வேண்டாம்!

சமையலறை உள்ள விடுதியில் தங்குங்கள். கடையில் பொட்டலத்தைத் திருப்பி 'லிஹா' (liha, இறைச்சி), 'கலா' (kala, மீன்), 'முனா' (muna, முட்டை), 'ஷெலட்டீன்' (želatiin, ஜெலட்டின்) என்ற சொற்களைத் தேடுங்கள். 'டைம்னே' (taimne) என்று இருந்தால் தாவர உணவு. ரை என்ற தானியத்தில் செய்த கரும்பழுப்பு ரொட்டியும் தயிரும் எங்கும் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

விசாவுக்கு ஐ.டி. ரிட்டர்ன் கேட்கிறார்கள். எனக்கு நெல் வருமானம் மட்டும்தான்.
– நீடாமங்கலம்

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதை ஒரு கடிதத்தில் எழுதி, பட்டா, சிட்டா, அடங்கல், நெல் கொள்முதல் ரசீது ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். கொள்முதல் பணம் ஒரே நாளில் பெரிய தொகையாகக் கணக்கில் ஏறினால் யாரோ கடன் கொடுத்துக் காட்டியதுபோலத் தெரியும், அதற்கும் ரசீதே விளக்கம். ஷெங்கன் விசாக் (எஸ்டோனியா உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு 15 நாளுக்கு முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. விசா வருமுன் பணம் திரும்பாத விமான டிக்கெட் எடுக்காதீர்கள். பின்லாந்தின் ஹெல்சின்கி வழியாகப் போனாலும், அதிக இரவு தங்குவது எஸ்டோனியா என்றால் விண்ணப்பம் எஸ்டோனியாவுக்குத்தான்.

தாலினிலும் டேனிஷ்காரர்கள் இருந்தார்களாமே, நம் தரங்கம்பாடி போல?
– பொறையாறு

இருந்தார்கள், தரங்கம்பாடிக்கு நானூறு ஆண்டு முன்பே. 1219-ல் பிடித்தார்கள், 'தாலின்' என்ற பெயரே 'டேனிஷ் நகரம்' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். 1346-ல் ஜெர்மானிய வீரத்துறவிகளின் அமைப்புக்கு விற்றார்கள், தரங்கம்பாடியை 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றதுபோலவே. தோம்பியாவின் மதில் ஓரம் 'டேனிஷ் அரசர் தோட்டம்' இருக்கிறது. முகமில்லாத மூன்று வெண்கலத் துறவிகள் நிற்பார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.